குசினிக் கேள்வி பதில்: அண்ணிக்குத் தாரா விருந்து

கேள்வி: ஆனியில் பிரான்ஸிலிருந்து அண்ணா குடும்பம் வருகுது. அண்ணி அங்கே தாரா இறைச்சியைப் பழச் சோஸோடை சாப்பிட்டுப் பழகினவ. எங்கட வளவிலும் தாரா நிக்குது. ஆனால் காஸ் அடுப்புத்தான், கேக் சுடுற அவன் இல்லை. பாலைப்பழத்தில் அந்தச் சோஸ் வைக்கலாமோ?
- வாசகி, விசுவமடு

பதில்: பாலைப்பழத்தை விடுங்கோ, தங்கச்சி. அது கையில் அள்ளித் தின்னுற பழம். தனி இனிப்பு, பாலும் உதட்டில் ஒட்டும். தாராக் கொழுப்பு திகட்டாமலிருக்கப் புளிப்பு வேணும். பிரெஞ்சுக்காரர் இந்தச் சோஸுக்கு முதலிலிருந்தே தேடினது கசப்பும் புளிப்பும் சேர்ந்த தோடையைத்தான். நீங்கள் சந்தையில் கிடைக்கிற தோடம்பழம் நாலு வாங்குங்கோ, குறையிற புளிப்பைத் தேசிப்புளி பார்த்துக்கொள்ளும்.

இனித் தாரா. அண்ணி அங்கே சாப்பிடுற நெஞ்சிறைச்சி, கொழுக்க வளர்த்த தாராவினது. அதை உள்ளே சிவப்பாய் விட்டே பரிமாறுவினம். எங்கட தாரா குளக்கரையெல்லாம் நடந்து இறுகினது, நல்லாய் அவியவேணும். சொண்டு இன்னும் வளையிற இளசாய்ப் பார்த்துப் பிடியுங்கோ. வெட்ட முந்தி ஒரு கிழமை அடைச்சு வைச்சு, தவிடும் குறுணலும் போடுங்கோ. நத்தை தின்ற வெடுக்குக் குறையும். வாலடியில் இருக்கிற எண்ணெய்ச் சுரப்பியை மறக்காமல் வெட்டி எறியுங்கோ, பாதி வெடுக்கு அதிலேதான். இறகு பிடுங்குறது பெரிய தொல்லை. தாரா இறகுக்குள் வெந்நீர் லேசிலே இறங்காது. ஆம்பிளையளிட்டை விட்டிடுங்கோ.

தோலை ஊசியால் குத்துங்கோ, இறைச்சியில் படாமல். உப்பும் மிளகும் பூசி, பெரிய சட்டியில் தட்டு வைச்சு ஒன்றரை மணித்தியாலம் ஆவியில் அவியுங்கோ. கீழே தண்ணீரில் கொழுப்பு வடிஞ்சு மிதக்கும், அதை வழிச்சு வைக்கவேணும். ஆறினபிறகு துண்டாய் வெட்டி, மூடாமல் ஓரிரவு பிரிட்ஜில் வைச்சால் தோல் காய்ஞ்சிடும். விருந்தண்டு குளிர்ந்த தாச்சியில் தோல்பக்கம் கீழாய் அடுக்கி, சின்ன நெருப்பிலே விடுங்கோ. எண்ணெய் விடவேண்டாம், தாராவே விடும். கரகரப்பாய் பொரிஞ்ச சத்தம் மெதுவாய் அடங்கும். அப்ப தோல் செம்மண் நிறத்துக்கு வந்திருக்கும், எடுக்கலாம்.

சோஸ் அதுக்கிடையிலே. நாலு மேசைக்கரண்டி சீனியைத் தண்ணீரில்லாமல் உருக்குங்கோ. தேன் நிறம் தாண்டி, கொஞ்சம் கசக்கப்போகுது எண்டு பயம் வாற நேரம் மூன்று கரண்டி வினாகிரி ஊத்துங்கோ. சீறிப் பாயும், முகத்தைத் தள்ளி வையுங்கோ. சீனி கட்டிபட்டாலும் கரைஞ்சிடும். பிறகு தோடம்பழச் சாறும், தாராக் கழுத்தும் செட்டையும் அவிச்ச தண்ணீர் ஒரு கோப்பையும் விட்டுப் பாதியாய் வற்ற விடுங்கோ. தோடம்பழத் தோலை மெல்லிய நாராய் சீவி, கொதிநீரில் போட்டெடுத்துச் சேர்த்தால் கசப்பு அளவாய் இருக்கும். கடைசியில் தேசிப்புளி, ஒரு கரண்டி பட்டர். நாக்கு முதல் புளிப்பைத்தான் சொல்லவேணும், இனிப்பு பின்னாலே வரட்டும். மிளகாய்த்தூள் போடத் துடிக்கிற கையைக் கட்டிவையுங்கோ, அது அடுத்தநாள் கறிக்கு.

அவசரத்துக்கு விளாம்பழமும் பாவிக்கலாம். சதையைக் கரைச்சு வடிச்சு, பனங்கட்டி போட்டுக் காய்ச்சுங்கோ. மணம் தூக்கலாய் இருக்கும், பிடிச்சவைக்குப் பிடிக்கும். அண்ணிக்குப் புதுசாய்த்தான் இருக்கும்.

சோற்றோடை வேண்டாம். வழிச்ச கொழுப்பில் உருளைக்கிழங்கை முறுகப் பொரிச்சு, பக்கத்திலே பாணும் வையுங்கோ. மிஞ்சின கொழுப்பை வடிச்சுப் போத்தலில் ஊத்திப் பிரிட்ஜில் வைச்சால், அண்ணா போனபிறகும் காலமைக்கு முட்டை பொரிக்க உதவும்.