தன்னைத் தானே படமெடுத்தல்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பழைய கேமரா ஒன்றை வாங்கி, டைமர் வைத்து என்னை நானே படமெடுக்க முயன்றுவருகிறேன். பல படங்களில் பின்சுவர் துல்லியமாகவும் முகம் மங்கலாகவும் இருக்கிறது. முகம் தெளிவாக விழுந்த படங்களிலோ, விறைத்துப்போய் இருக்கும் அந்த ஆள் நான்தானா என்று சந்தேகம் வருகிறது. எவ்வளவு எடுத்தும் தேறாதது என் திறமைக் குறைவா?

செ., கும்பகோணம்

அன்புள்ள செ.,

திறமைக் குறைவு இல்லை. பார்ப்பவரும் பார்க்கப்படுபவரும் ஒருவரே என்பதால் வரும் சிக்கல் இது; புகைப்படம் பிறந்த நாளிலிருந்தே உண்டு. 1839இல் பிலடெல்பியாவில் ராபர்ட் கொர்னேலியஸ் தம் குடும்பத்தின் விளக்குக் கடைக்குப் பின்னால் கேமராவை நிறுத்தி, லென்ஸ் மூடியைக் கழற்றிவிட்டு ஓடிப்போய் அதன் முன்னால் அசையாமல் நின்றார். இன்று கிடைக்கும் மிகப் பழைய தன்னுருவப் படங்களில் ஒன்றான அதில் அவர் நடுவில் இல்லை, ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கிறார், தலைமுடி கலைந்திருக்கிறது. கேமராவுக்குப் பின்னால் நின்று "கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்" என்று சொல்ல ஆளில்லை என்பது அந்தப் படத்திலேயே தெரிகிறது. எனக்கு அது குறையாகப் படவில்லை.

உங்கள் முகம் மங்குவதற்குக் காரணம் எளிது. நீங்கள் பொத்தானை அழுத்தும்போது நாற்காலி காலியாக இருக்கிறது, கேமரா பின்சுவரைப் பிடித்துக்கொள்கிறது. நாற்காலியில் ஒரு குடையை உங்கள் கண் உயரத்துக்கு நிறுத்தி, அதன் மேல் ஃபோகஸ் செய்து, பிறகு கேமரா தானாக ஃபோகஸை மாற்றாதபடி மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். நாற்காலிக் கால்களைச் சுற்றித் தரையில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். 50 மி.மீ. லென்ஸை 1.8 துளையில் திறந்து ஐந்தடி தூரத்தில் வைத்தால், முழுச்சட்டக் கேமராவில் (35 மி.மீ. ஃபிலிம் சட்டத்தின் அளவில் படம் பிடிப்பது) தெளிவாக விழும் ஆழம் ஏறத்தாழ 10 செ.மீ.தான், சற்று முன்னால் சாய்ந்தாலே கண் மங்கிவிடும். ஆகவே துளையை 5.6க்கோ 8க்கோ சுருக்கி (எண் கூடக் கூடத் துளை சிறிதாகும், தெளிவின் ஆழம் கூடும்), குறையும் வெளிச்சத்துக்கு ஈடாக ஜன்னலோரம் உட்காருங்கள். மறுபக்கத்தில் ஒரு வெள்ளை வேட்டியைத் தொங்கவிட்டால் நிழல் விழும் கன்னத்திலும் ஒளி படும்.

"நான்தானா" என்ற சந்தேகம் வேறு வகை. நாம் தினமும் பார்த்துப் பழகியது கண்ணாடியில் இடம் வலம் மாறித் தெரியும் முகம். படத்தில் வகிடு மறுபக்கம் போனதுமே அந்நியமாகிவிடுகிறது. மற்றவர்கள் அறிந்த உங்கள் முகம் அதுதான். எடுத்த அன்றே எதையும் அழிக்காதீர்கள், சில வாரங்கள் கழித்துப் பாருங்கள். ஓவியர் அம்ரிதா ஷேர்கிலின் தந்தை உம்ராவ் சிங், இளமையிலிருந்து முதுமை வரை அரை நூற்றாண்டுக்கும் மேலாகத் தம்மைப் படமெடுத்தவர். புத்தகங்களுக்கு நடுவே அமர்ந்த அறிஞராகவும், பதினைந்து நாள் உண்ணாநோன்புக்குப் பின் மெலிந்த உடலாகவும் அவர் தெரிகிறார். இவற்றில் எது உண்மையான உம்ராவ் சிங் என்று கேட்க எனக்குத் தோன்றியதே இல்லை; எல்லாவற்றையும் சேர்த்தே அவரை அறிகிறேன்.

விறைப்புக்குக் காரணம் டைமர் ஓடும் அந்தப் பத்து விநாடிக் காத்திருப்பு. உங்கள் கேமராவில் இடைவெளி விட்டுத் தானே எடுத்துக்கொண்டிருக்கும் வசதி இருந்தால், சில விநாடிக்கு ஒன்றாக ஓடவிட்டுவிட்டு ஒரு புத்தகத்தைப் படிக்கத் தொடங்குங்கள், அவ்வப்போது நிமிர்ந்து பாருங்கள். அடுத்த க்ளிக் எப்போது என்ற எண்ணம் கொஞ்ச நேரத்தில் விட்டுப்போகும். அதற்குப் பிறகு விழுந்த படங்களிலிருந்து தேர்ந்தெடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்