டேப்பில் உள்ள மூன்றாவது பேக்கப்

கேள்வி: எங்கள் அலுவலக லினக்ஸ் சர்வரில் கணக்குக் கோப்பு ஒன்று அழிந்துவிட்டது. ஒரே டேப்பில் மூன்று நாள் பேக்கப் அடுத்தடுத்து உள்ளது. ஆனால், கோப்புகளைத் தொகுக்கவும் மீட்கவும் உதவும் ‘டார்’ (tar) கட்டளையை எத்தனை முறை கொடுத்தாலும் முதல் நாளின் கோப்புகளே வருகின்றன. என்ன செய்வது?
- ஒரு வாசகர், ஈரோடு

பதில்: டேப்பை ‘எஸ்டி0’ (st0) என்ற சாதனப் பெயரில் திறக்கிறீர்கள் என்று எண்ணுகிறேன்; அப்படித் திறந்தால், ஒவ்வொரு கட்டளை முடிந்ததும் டேப் தானாகவே தொடக்கத்துக்குச் சுற்றிக்கொள்ளும். ‘என்எஸ்டி0’ (nst0) என்று கொடுத்தால் சுற்றாது.

முதலில், கேசட்டின் ஓரத்தில் உள்ள எழுதுதடைப் பொத்தானைப் பூட்டிய நிலைக்குத் தள்ளிவிடுங்கள். இதைத் தயவுசெய்து தவிர்க்காதீர்கள். ‘டார்’ கட்டளையில், மீட்பதற்கான ‘எக்ஸ்’ (x) என்று அடிக்க வேண்டிய இடத்தில், புதிதாக எழுதுவதற்கான ‘சி’ (c) என்று அடித்துவிட்டால், இருக்கும் பேக்கப்பின் மேலேயே புதிதாக எழுதப்பட்டுவிடும்.

பிறகு, டேப்பை நகர்த்தும் ‘எம்டி’ (mt) கட்டளையால் டேப்பைத் தொடக்கத்துக்குச் சுற்றி, ‘எஃப்எஸ்எஃப் 2’ (fsf 2) என்று கொடுத்து, ஒவ்வொரு பேக்கப்பின் முடிவிலும் இருக்கும் கோப்புக் குறிகளில் இரண்டைத் தாண்டச் செய்தால், மூன்றாவது பேக்கப்பின் தொடக்கத்துக்கு வந்துவிடுவீர்கள். அங்கே ‘டார்’ கட்டளையின் ‘டி’ (t) விருப்பத்தால் பட்டியலைப் பாருங்கள். கோப்பின் பெயர் பெரும்பாலும் முதல் சாய்கோடு (/) இல்லாமல் இருக்கும். மீட்கும்போதும் அதை அப்படியே, எழுத்து பிசகாமல் கொடுக்க வேண்டும். பட்டியல் எடுத்ததில் டேப் நகர்ந்திருக்குமாதலால், மீண்டும் சுற்றி, இரண்டு குறி தாண்டி, காலியான ஒரு கோப்புறைக்குள் சென்று ‘எக்ஸ்’ விருப்பத்தைக் கொடுங்கள்.