எழுபது எழுத்தாளர், இரண்டு பேர்: இந்த ஏஜென்சியில் சேரலாமா?

கேள்வி: நான் நாகர்கோவில் பக்கம். என் தமிழ் நாவல் 2016இல் வெளிவந்து இரண்டு பதிப்பு போயிருக்கிறது. தோழி ஒருவர் அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து முடித்துவிட்டார். வடக்கே ஒரு பெருநகரத்தில் உள்ள இலக்கிய ஏஜென்சி (எழுத்தாளர் சார்பில் பதிப்பகங்களிடம் நூலை விற்றுக்கொடுக்கும் நிறுவனம்) எங்களை எடுத்துக்கொள்ளத் தயார் என்கிறது. மூன்றே ஆண்டில் எட்டு எழுத்தாளரிலிருந்து எழுபதாக வளர்ந்துவிட்டோம் என்று பெருமையாகச் சொல்கிறார்கள். வேலை பார்ப்பது இரண்டு பேர். ஒப்பந்தம் வந்திருக்கிறது; கூடவே 'மதிப்பீட்டுக் கட்டணம்' 12,000 ரூபாய் கேட்கிறார்கள். கையெழுத்துப் போடலாமா?

பதில்: இப்போது வேண்டாம். போடவே கூடாது என்று சொல்ல மாட்டேன். முதலில் பார்க்க வேண்டிய தாள் அவர்கள் அனுப்பியது இல்லை. உங்கள் பீரோவில் இருப்பது.

2016இல் தமிழ்ப் பதிப்பாளரோடு போட்ட ஒப்பந்தத்தை எடுங்கள். "ஒப்பந்தமெல்லாம் இல்லை சார், அவர் அண்ணன் மாதிரி, எல்லாம் வாய்ப்பேச்சுதான்" என்பீர்களானால் ஒருவகையில் நல்லது. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, எழுத்தில் இல்லாத, கையெழுத்து இல்லாத உரிமை மாற்றம் செல்லாது. மொழிபெயர்ப்பு உரிமை உங்களிடமே இருக்கிறது. எழுத்தில் இருந்தால் வரிவரியாகப் படியுங்கள். எத்தனை ஆண்டுக்கு என்று குறிப்பிடாத உரிமை மாற்றத்துக்கு ஐந்தாண்டுதான் ஆயுள். எந்த நாட்டுக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். கொடுத்த உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் தவிர, அது காலாவதியாகிவிடும். 'மொழிபெயர்ப்பு உள்ளிட்ட அனைத்து உரிமைகளும், பதிப்புரிமைக் காலம் முழுவதும்' என்று இருந்தால் கதையே வேறு: உங்கள் ஆயுளும் அதற்கப்புறம் 60 ஆண்டும். அப்போது ஏஜென்சிக்குக் கொடுக்க உங்கள் கையில் ஒன்றும் இல்லை. தமிழ்ப் பதிப்பாளரிடம் போய்ப் பேசி, மொழிபெயர்ப்பு உரிமையை விடுவித்து ஒரு கடிதம் வாங்க வேண்டும்.

சில வருடம் முன்பு ஒரு தமிழ் நாவலின் ஆங்கில உரிமைக்கு இடையாளாக வேலை பார்த்தேன். ஆங்கிலப் பதிப்பாளர் தயார், அட்வான்ஸ் தொகை பேசியாகிவிட்டது, அட்டை ஓவியருக்குக்கூடச் சொல்லிவிட்டார்கள். திடீரென்று தமிழ்ப் பதிப்பாளரிடமிருந்து ஒரு நகல் வந்தது. பழைய ராயல்டி ரசீது. ரெவின்யூ ஸ்டாம்புக்கு மேலே, பொடி எழுத்தில், 'பிற மொழி உரிமைகள் உட்பட' என்று ஒரே ஒரு வரி. கீழே எழுத்தாளரின் கையெழுத்து. அவருக்குப் போட்ட நினைவே இல்லை. அது சட்டப்படி நிற்குமா நிற்காதா என்று வழக்கறிஞர்கள் பேசி முடிப்பதற்குள் எட்டு மாதம் ஓடிவிட்டது. ஆங்கிலப் பதிப்பாளர் வேறு புத்தகம் பார்த்துக்கொண்டு போய்விட்டார். ரசீதுகளையும் சேர்த்துத் தேடுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது அதனால்தான்.

இன்னொன்று, மொழிபெயர்ப்புக்குத் தனிப் பதிப்புரிமை உண்டு. அது உங்கள் தோழியுடையது. நீங்கள் இல்லாமல் அவரால் வெளியிட முடியாது, அவர் இல்லாமல் உங்களாலும் முடியாது. ஏஜென்சி உங்களிடம் மட்டும் கையெழுத்து கேட்டால் அதுவே ஒரு மதிப்பெண் குறைவு.

சரி, எட்டு எழுபதான கதைக்கு வருவோம். எழுத்தாளரைச் சேர்ப்பதற்குச் செலவே கிடையாது, ஒரு மின்னஞ்சல் போதும். விற்பதுதான் வேலை. ஒரு நாவலைப் பதினைந்து பதிப்பாசிரியர்களுக்கு அனுப்புவதாக வைத்துக்கொண்டால், எழுபது பேருக்கு 1,050 கடிதம். ஒவ்வொன்றுக்கும் அந்தப் பதிப்பாசிரியர் யார், போன வருடம் என்ன வாங்கினார் என்று தெரிந்து எழுத வேண்டும். அப்புறம் நினைவூட்ட வேண்டும், மறுத்தால் ஏன் என்று கேட்டு உங்களிடம் சொல்ல வேண்டும், ஏற்றால் ஒப்பந்தத்தில் ஒவ்வொரு விதியாக மல்லுக்கட்ட வேண்டும். இதை இரண்டு பேர் எப்படிச் செய்வார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

ஆனால் ஏன் இப்படிப் பெருக்குகிறார்கள் என்பது புரிகிறது. இந்தத் தொழிலின் வருமானம் கமிஷன். உள்நாட்டு விற்பனைக்கு 15 சதவீதம், வெளிநாட்டில் துணை ஏஜென்ட் மூலம் விற்றால் 20 என்பது பரவலான வழக்கம். பேச்சுக்கு, உங்கள் நாவலுக்கு ஒரு லட்சம் அட்வான்ஸ் வருகிறது என்போம். ஏஜென்சிக்கு 15,000. மீதி 85,000. அதில் உங்களுக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் பாதிப் பாதி என்றால் ஆளுக்கு 42,500. பழைய ஒப்பந்தப்படி தமிழ்ப் பதிப்பாளருக்கு உங்கள் பங்கில் பாதி போக வேண்டுமென்றால் உங்கள் கைக்கு 21,250, அதுவும் கையெழுத்தானபோது கொஞ்சம், புத்தகம் வந்தபோது கொஞ்சம் என்று தவணையாக. வரிப் பிடித்தம் தனி. ஏஜென்சி பக்கம் பாருங்கள்: ஒன்றரை வருட உழைப்புக்கு 15,000 ரூபாய். பெருநகரத்தில் ஒரு மாத அறை வாடகைக்கே காணாது. அதனால் இந்தியாவில் பல ஏஜென்சிகள் வேறு வழியிலும் வளர்கின்றன. 2007இல் ஜெய்ப்பூரில் தொடங்கிய சியாஹி எழுத்தாளர்களைப் பிரதிநிதித்துவப்படுத்துவதோடு இலக்கிய விழாக்களையும் நடத்துகிறது. பூட்டானில் நடந்துவந்த மவுண்டன் எக்கோஸ் விழாவில் அதன் கை இருந்தது. டெல்லியின் ரெட் இங்க், ஒரு புத்தகக் கடைக் குடும்பத்திலிருந்து வந்தது. இதெல்லாம் நியாயமான வளர்ச்சி. எழுத்தாளரிடமே காசு வாங்கி வளர்வதுதான் தப்பு.

உங்கள் 12,000 ரூபாயை அந்தக் கணக்கில்தான் பார்க்கிறேன். எழுபது பேரிடமும் வாங்கியிருந்தால் 8,40,000. ஒரு புத்தகத்தைக்கூட விற்காமல் ஏஜென்சி ஓடும். அப்புறம் விற்க அவசரம் எங்கே இருக்கும்? படிப்பதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது என்பது அமெரிக்க ஏஜென்ட்கள் சங்கத்தின் ஒழுக்க விதியிலேயே இருக்கிறது. எடிட்டிங் தேவை என்று அவர்கள் நினைத்தால், நீங்களே வெளியில் ஒருவரைப் பிடித்துச் செய்துகொள்ளலாம். 'எங்களிடமே செய்தால்தான் எடுப்போம்' என்றால் விலகிவிடுங்கள்.

அவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி, எத்தனை எழுத்தாளர் என்பது அல்ல. கடந்த இரண்டு ஆண்டில் எந்தெந்த நூலை, எந்தப் பதிப்பகத்துக்கு விற்றீர்கள்? அதில் மொழிபெயர்ப்பு எத்தனை? பெயர் கொடுத்தால் கடைக்குப் போய் அந்தப் புத்தகங்களைப் புரட்டுங்கள். ஆங்கில நூல்களின் நன்றிப் பக்கத்தில் ஏஜென்ட் பெயர் பெரும்பாலும் இருக்கும். இப்போது அவர்களிடம் இருக்கும் ஒருவரிடமும் விலகிப்போன ஒருவரிடமும் பேசுங்கள். விலகியவர் சொல்வதில்தான் விஷயம் இருக்கும்.

ஏஜென்சி ஒப்பந்தங்களில் எனக்கு வழக்கமாக இடறும் இடம், 'இனி எழுதப்போகும் அனைத்துப் படைப்புகளும்' என்பது. உங்களுடையதில் இருந்தால் அதை அடித்துவிட்டு இந்த ஒரு நாவல், ஆங்கிலம், இத்தனை நாடுகள் என்று எழுதச் சொல்லுங்கள். சினிமா, வெப் சீரிஸ் உரிமையை அவர்கள் விற்ற அனுபவம் இல்லையென்றால் அதையும் எடுத்துவிடுங்கள். அவர்கள் விற்றுக்கொடுத்த ஒப்பந்தத்துக்கு, அது உயிரோடு இருக்கும்வரை கமிஷன் போவது முறைதான். நீங்கள் விலகினாலும் போகும். விற்காததற்குப் போகக் கூடாது. ஓராண்டில் விற்கவில்லை என்றால் 60 நாள் அறிவிப்பில் நீங்கள் விலக வழி இருக்க வேண்டும். யாருக்கெல்லாம் அனுப்பினார்கள் என்ற பட்டியல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வர வேண்டும். 'உரிமை மாற்றம்' என்ற சொல் எங்காவது இருந்தால் உஷார். ஏஜென்ட் உங்கள் சார்பில் பேசுபவர்தான், சொத்து அவர் பெயருக்குப் போக வேண்டியதில்லை.

உங்கள் நூலைக் கையாளப்போகும் ஆளின் பெயரும் ஒப்பந்தத்தில் வேண்டும். ஏஜென்சிகள் கைமாறும். உலகின் முதல் இலக்கிய ஏஜென்ட் என்று சொல்லப்படும் ஏ.பி.வாட் லண்டனில் 1875 வாக்கில், 10 சதவீதக் கமிஷனில் ஒற்றை ஆளாகத் தொடங்கினார். அவர் பெயரிலிருந்த நிறுவனம் 2012இல் யுனைடெட் ஏஜென்ட்ஸில் இணைந்தது. 1899இல் தொடங்கிய கர்ட்டிஸ் பிரவுனை 2022இல் அமெரிக்காவின் யுனைடெட் டேலண்ட் ஏஜென்சி வாங்கியது. அவ்வளவு பெரிய இடங்களுக்கே அப்படி. இரண்டு பேர் நடத்தும் இடத்தில் ஒருவர் கிளம்பினால் பாதி ஏஜென்சி போய்விடும். 'இன்னார் விலகினால் நானும் விலகலாம்' என்ற ஒரு வரியைச் சேர்க்கக் கேளுங்கள்.

ஏஜென்ட் இல்லாமலும் வழி உண்டு. தமிழில் ஏஜென்ட் வேலையைப் பதிப்பாளரே செய்த உதாரணம் காலச்சுவடு. ஃபிராங்ஃபர்ட் புத்தகச் சந்தைக்குப் பல ஆண்டுகளாகப் போய் உரிமைகளைப் பேசிவருகிறார்கள். 2023 முதல் தமிழ்நாடு அரசு நடத்தும் சென்னை பன்னாட்டுப் புத்தகக் கண்காட்சி உரிமைப் பரிமாற்றத்துக்காகவே நடப்பது. மொழிபெயர்ப்புக்கு நல்கையும் (நிதியுதவி) உண்டு. உங்கள் தமிழ்ப் பதிப்பாளர் அங்கே உரிமை பேச மேசை போடுகிறாரா என்று கேளுங்கள். போடுகிறவர் என்றால், அவருக்கு ஒரு பங்கு கொடுத்து அவரையே பேசச் சொல்வது இந்த ஏஜென்சியைவிட மேல் என்பது என் எண்ணம்.

இப்போதைக்கு ஏஜென்சிக்கு இரண்டே வரி எழுதினால் போதும்: கட்டணம் தர இயலாது, கடந்த இரண்டாண்டு விற்பனைப் பட்டியல் வேண்டும். பட்டியல் வந்தால் அதையும் 2016 ஒப்பந்தத்தையும் எனக்கு அனுப்புங்கள், சேர்த்துப் பார்க்கிறேன்.