‘நறுக்கென்று பேசுவது’ எப்படி? கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ‘நறுக்கென்று பேசினார்’ என்றாலும் ‘சுருக்கமாகப் பேசினார்’ என்றாலும் ஒன்றுதானா?

பதில்: சுருக்கம் என்பது அளவை மட்டும் சொல்கிறது. நறுக்கில் கூர்மையும் சேர்ந்திருக்கிறது. நறுக்குதல் என்றால் வெட்டுதல். ஓலையிலிருந்து வெட்டிய துண்டுக்கும் நறுக்கு என்றே பெயர். ‘நறுக்குத் தெறித்தாற்போல’ என்று சொல்லும்போது அந்தத் துண்டு தெறித்து விழும் வேகம் காதில் கேட்கிறதல்லவா? மென்று விழுங்கி இரண்டே வார்த்தை பேசுபவரை யாரும் நறுக்கென்று பேசினார் என்பதில்லை.

கேள்வி: என் அக்காவை ‘நறுக்கென்று பேசுகிறவர்’ என்றார் ஒருவர். பாராட்டா, குறையா?

பதில்: பெரும்பாலும் பாராட்டுத்தான். ‘நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிட்டு வந்தாள்’ என்றால் கண்டிப்பு தெரியும். அப்போதும் நியாயம் கேட்டவள் பக்கம் இருப்பதாகவே தொனிக்கும். எரிச்சலைச் சொல்ல ‘வெடுக்கென்று’ தனியாக இருக்கிறது. இரண்டையும் குழப்பி, தெளிவாகப் பேசுகிறவர்களுக்குக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுப்பது எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது.

கேள்வி: வெடுக்கென்று, மொட்டையாக, நறுக்கென்று. வேறுபாட்டை எடுத்துக்காட்டுடன் சொல்லுங்களேன்.

பதில்: ‘இந்த மாத்திரையை எப்போது சாப்பிட வேண்டும்?’ என்று ஒருவர் கேட்கிறார்.

‘சீட்டில்தான் எழுதியிருக்கிறதே!’ என்றால் வெடுக்.

‘இரவு’ என்று நிறுத்தினால் மொட்டை. சாப்பாட்டுக்கு முன்பா, பின்பா, எத்தனை என்று அவர் மறுபடியும் கேட்டாக வேண்டும்.

‘இரவு, சாப்பிட்டபின், ஒன்று.’ இதுதான் நறுக்கு. மொட்டைப் பதிலைவிட இது நீளம் என்பதைக் கவனியுங்கள். ஆனால் கேட்டவர் நிம்மதியாக எழுந்து போகலாம்.

கேள்வி: இலக்கண நூல்கள் இதைப் பற்றி ஏதாவது சொல்கின்றனவா?

பதில்: ஒரு நூலுக்கு இருக்க வேண்டும் என்று நன்னூல் சொல்லும் பத்து அழகுகளில் முதலாவது ‘சுருங்கச் சொல்லல்’. அதன் தோளை ஒட்டியே ‘விளங்க வைத்தல்’ வந்து நிற்கிறது. பத்துக் குற்றங்களிலோ ‘குன்றக் கூறல்’, அதாவது வேண்டியதைவிடக் குறைத்துச் சொல்வது, முதலில்; ‘மிகைபடக் கூறல்’ அடுத்து. இந்த வரிசையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும். 649ஆம் குறளும் வெறுமனே ‘சில’ சொல்லச் சொல்லவில்லை. ‘மாசற்ற சில’ என்கிறது. அந்த ‘மாசற்ற’வில்தான் உழைப்பு இருக்கிறது.

கேள்வி: ‘வெட்டு ஒன்று துண்டு இரண்டு’ என்பதும் இதுதானா?

பதில்: அது முடிவைக் குறிப்பது. ஒரு மணி நேரம் பேசிவிட்டும் வெட்டு ஒன்று துண்டு இரண்டாக முடிக்கலாம்.