லெம்மியில் சின்னக் குழுக்களை எப்படிக் கண்டுபிடிப்பது?

லெம்மி என்பது ரெடிட் போன்ற விவாதத் தளம்; ஒன்றோடொன்று இணைந்த பல தனித்தனி சர்வர்களில் ஓடுகிறது. ரெடிட்டிலிருந்து அங்கே வந்த பலரும் கேட்பதுதான் இது: "‘ஆல்’ பக்கத்தில் அரசியலும் மீமும்தான் ஓடுகிறது, மற்றவை எங்கே?"

அந்தப் பக்கத்தில் எல்லாமே வந்துவிடாது. உங்கள் சர்வரில் யாராவது ஒருவர் ஏற்கெனவே சேர்ந்திருக்கும் குழுக்களின் பதிவுகள்தான் வரும். குட்டி சர்வரில் கணக்கு வைத்திருந்தால் பல நல்ல குழுக்கள் கண்ணிலேயே படாது. அதனால் வெளியே தேடுங்கள். ‘லெம்மி எக்ஸ்ப்ளோரர்’ தளத்தில் பல சர்வர்களின் குழுக்களும் ஒரே பட்டியலில் கிடைக்கும். பிடித்த குழுவின் முழு முகவரியை, முன்னால் இருக்கும் ஆச்சரியக்குறியோடு, உங்கள் சர்வரின் தேடல் பெட்டியில் போடுங்கள். முதல் தடவை ஒன்றும் வராவிட்டால் சில நொடி விட்டு மறுபடி தேடுங்கள். வந்த பிறகும் நாலைந்து பதிவுதான் தெரிகிறது, கமெண்ட்டே இல்லை என்றால் ஆள் இல்லாத குழு என்று ஓடிவிடாதீர்கள். பழையவை உங்கள் சர்வருக்கு முழுதாக வந்து சேராது. குழுவின் சொந்த சர்வரிலேயே போய்ப் பாருங்கள்.

அப்புறம், வரிசைப்படுத்தலை ‘ஸ்கேல்டு’ என்று மாற்றுங்கள். 0.19 பதிப்பில் வந்த வசதி. சின்னக் குழுக்களின் பதிவுகளை மேலே கொண்டுவரும். இதை ஏன் ஆரம்பத்திலேயே இயல்பாக வைக்கவில்லை என்பது எனக்குப் புரியாத விஷயம்.

என்னைக் கேட்டால், ஒரே துறைக்கான சர்வர்களின் ‘லோக்கல்’ பக்கம் (அந்த சர்வரின் சொந்தப் பதிவுகள் மட்டும் வரும் பக்கம்) தான் சுரங்கம். அறிவியலுக்கு மாண்டர் இருக்கிறது. ட்விட்டர் போன்ற மாஸ்டடான் பக்கம் போனால் கணிதக்காரர்களின் சர்வரான மேத்ஸ்டடான். அங்கே சமன்பாடுகளை லேடெக்கில் (கணிதக் குறியீடுகளைத் தட்டச்சு செய்யும் முறை) எழுதினால் அழகாகவே தெரியும்.