வாங்கலாமா? ஐவிச் சாறு கலந்த கிரீம், ஜெல், சீரம்

கே: தொடையில் உள்ள செல்லுலைட் குழிகளை ஐவி ஜெல் கரைத்துவிடும் என்கிறார்கள். 200 கிராம் 1,450 ரூபாய். வாங்கலாமா? (திருப்பூர் வாசகி)

ப: வேண்டாம். ஐவி என்பது சுவரிலும் மரத்திலும் படரும் ஒரு கொடி, அதன் இலைச்சாற்றைத்தான் சேர்க்கிறார்கள். தோலைக் கீழே இழுத்துப் பிடிக்கும் நார்களுக்கு நடுவே கொழுப்பு மேடு தட்டுவதால் வருவது அந்தக் குழி. மேலே தடவும் எந்தச் சாறும் அந்த நாரைத் தளர்த்தாது. அழுத்தித் தேய்ப்பதாலும், இத்தகைய ஜெல்களில் வழக்கமாகச் சேர்க்கும் காஃபீனாலும் தோல் கொஞ்ச நேரம் இறுகினாற்போலத் தெரியும், அவ்வளவே. பெரும்பாலான பெண்களுக்கு இருப்பதுதான் இது, நோயல்ல.

கே: டப்பாவின் முன்னால் ‘100% ஐவிச் சாறு’ என்று இருக்கிறது. உண்மையில் எவ்வளவு இருக்கும்? (மதுரை வாசகர்)

ப: முன்பக்கத்தை விடுங்கள், பின்பக்கத்தைத் திருப்புங்கள். நம் நாட்டு விதிப்படி, 1 சதவீதத்துக்கு மேல் உள்ள பொருள்களை அளவில் அதிகமானதிலிருந்து குறைவானது வரை வரிசையாக எழுத வேண்டும். 1 சதவீதமும் அதற்குக் குறைவும் உள்ளவற்றைக் கடைசியில் எந்த வரிசையிலும் எழுதலாம். அந்த எல்லையைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. பீனாக்ஸிஎத்தனால் என்ற பதப்படுத்தி பட்டியலில் இருக்கிறதா பாருங்கள். அதற்கு உச்சவரம்பே 1 சதவீதம். ஐவியின் தாவரப் பெயரான ‘ஹெடெரா ஹெலிக்ஸ்’ அதற்குப் பின்னால் நின்றால், 1 சதவீதமோ அதற்கும் கீழோதான்.

அதுவும் முழுக்க இலைச்சத்து இல்லை. ‘எக்ஸ்ட்ராக்ட்’ என்று வாங்கிச் சேர்ப்பது பல நேரம் இலையைத் தண்ணீரிலும் கிளிசரினிலும் ஊறவைத்து வடிகட்டிய திரவம். அதில் சத்து 2 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 200 கிராம் டப்பாவில் 1 சதவீதத் திரவம் 2 கிராம், அதில் இலைச்சத்து 40 மில்லிகிராம். மிச்சமெல்லாம் தண்ணீர், ஜெல் கெட்டியாக்கி, வாசனை. ‘100%’ என்பது சேர்த்த சாற்றைப் பற்றிய பேச்சு, டப்பாவைப் பற்றியதல்ல. நான் காசு கொடுத்து வாங்கிய ஒரு குளியல் ஜெல்லிலும் முன்னால் பெரிய இலைப் படம், பின்னால் வாசனைத் திரவியத்துக்கும் அடுத்தபடியாக ஐவி. சாற்றின் அளவை வெளிப்படையாக எழுதாத நிறுவனத்துக்கு ஐவிக்கென்று தனி விலை கொடுக்கக் கூடாது. இதைப் படம்போட்டு ஏமாற்றும் வேலை என்றே சொல்வேன்.

ஷாம்பூவில் ஐவி இருந்தால் மட்டும் ஓரளவு அர்த்தம் உண்டு. சீயக்காயைப் போல அதிலும் சபோனின் இருப்பதால் நுரைக்கும், அழுக்கு எடுக்கும். கண்ணில் பட்டால் எரியும்.

கே: வீட்டு மணி பிளான்டை ஐவி என்றுதான் நர்சரியில் கொடுத்தார்கள். அரைத்துப் பூசலாமா?

ப: கூடவே கூடாது. அது அசல் ஐவி அல்ல. மணி பிளான்டில் கால்சியம் ஆக்சலேட் என்ற ஊசி போன்ற நுண்படிகங்கள் உண்டு, தோல் அரிக்கும். அசல் ஐவி இலையையும் அரைக்காதீர்கள்.

கே: ஐவி சீரம் பூசிய இரண்டாம் வாரம் முகம் சிவந்து கொப்புளித்தது. “நச்சு வெளியேறுகிறது, தொடர்ந்து பூசுங்கள்” என்கிறார் விற்றவர். ஆன்லைனில் வாங்கியது. பணமும் திரும்பவில்லை. (நாகர்கோவில் வாசகி)

ப: இனி ஒரு துளிகூடப் பூசாதீர்கள், அம்மா. நச்சு வெளியேறுகிறது என்பது பச்சைப் பொய். ஐவியில் ஃபால்கரினால் என்ற பொருள் உண்டு, தோல் ஒவ்வாமையைக் கிளப்புவதில் கடுமையானது. முதன்முறை ஒவ்வாமை உருவாக 10 முதல் 14 நாள் ஆகலாம், அதனால்தான் முதல் வாரம் ஒன்றும் தெரிந்திருக்காது. அடுத்த முறை ஓரிரு நாளிலேயே வந்துவிடும். வாசனைப் பொருளும் காரணமாக இருக்கலாம். தோல் மருத்துவரிடம் பாட்டிலையே கொண்டுபோய், எது என்று பேட்ச் டெஸ்டில் (சந்தேகப் பொருள்களைத் தோலில் ஒட்டிவைத்துப் பார்க்கும் சோதனை) உறுதி செய்துகொள்ளுங்கள்.

பாட்டில், பில், முகத்தின் படங்கள், அவர் அனுப்பிய செய்தி எதையும் அழிக்காதீர்கள். விற்பனைத் தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததாகப் பதில் தர வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். இல்லையேல் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழையுங்கள். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2 ஆண்டுக்குள் வழக்குப் போடலாம், பொருளின் விலை 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது. பொருளின் விலையோடு மருத்துவச் செலவையும் கேளுங்கள்.

கே: புதுக் கிரீம் ஒத்துக்கொள்ளுமா என்று அறிய, ஒரு ராத்திரி கையில் தடவிப் பார்த்தால் போதாதா?

ப: போதாது. முழங்கை உள்மடிப்பில் தினம் இருமுறை, 7 நாள், அதே இடத்தில் தடவிப் பாருங்கள்.

கே: பிரெஞ்சு ஐவி கிரீம் என்று இன்ஸ்டாகிராமில் மூன்று வாங்கிவிட்டேன். இறக்குமதி செய்தவர் பெயரே லேபிளில் இல்லை. பூசலாமா? (சேலம் வாசகர்)

ப: மூன்று வாங்குவதற்கு முன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. இறக்குமதி அழகுப்பொருளில் பதிவுச் சான்றிதழ் எண்ணும், இறக்குமதியாளரின் பெயர், முகவரியும் இருந்தே ஆக வேண்டும். விற்பவரிடம் லேபிள் படம் கேட்க ஒரு நிமிடம் ஆகாது. பூசாதீர்கள். பணத்தைத் திரும்பக் கேளுங்கள், மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கும் எழுதுங்கள்.

கே: மகளுக்கு டாக்டர் ஐவி இருமல் சிரப் எழுதினார். அதே செடிதானே, கிரீமும் பயமில்லைதானே?

ப: செடி ஒன்றுதான். சிரப்பில் உலர்சாறு எத்தனை மில்லிகிராம் என்று அச்சிட்டிருக்கும், கிரீமில் அது இருக்காது. வயிறு ஏற்றுக்கொண்டதைத் தோலும் ஏற்கும் என்று நம்ப வேண்டாம். ஐவி பட்டுத் தடிப்பு வந்தவர்கள் சிரப் குடிக்கும் முன்பும் மருத்துவரிடம் அதைச் சொல்ல வேண்டும்.