ஆன்ஸ்கம் எந்தப் பக்கம்?

அன்புள்ள ஐயா,

ஹிரோஷிமாவில் அணுகுண்டு வீச உத்தரவிட்ட முன்னாள் அமெரிக்க அதிபர் ட்ரூமனுக்கு 1956-ல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் கௌரவப் பட்டம் அளித்தபோது, அதைச் சுட்டி எதிர்த்தவர் எலிசபெத் ஆன்ஸ்கம். அதே கத்தோலிக்கத் தத்துவவாதிதான் கருக்கலைப்பையும் கருத்தடையையும் கடுமையாக எதிர்த்தார். போர் என்றால் இடதுசாரி, குடும்பம் என்றால் பழமைவாதியா?

ர.

அன்புள்ள ர.,

ஹிரோஷிமாவும் கருக்கலைப்பும் அவருக்கு ஒரே கேள்விதான். குற்றமற்றவரைக் கொல்வதை எந்த நன்மைக்கும் வழியாகக் கொள்ளக் கூடாது என்பது அவர் விதி. இவ்விரண்டையும் எதிரெதிர் முகாம்களில் வைத்தது கட்சி அரசியல்.

அவர் அகிம்சாவாதியும் அல்ல. எந்த ரத்தமும் சிந்தலாகாது என்பவர்கள் குற்றமற்றவரின் ரத்தத்துக்கும் மற்றதற்கும் உள்ள வேறுபாட்டை அழித்துவிடுகிறார்கள் என்று அவர்களையும் சாடினார். படைத்தளத்தைத் தாக்கும்போது அருகிலிருப்பவர்கள் சாகக்கூடும் என முன்கூட்டியே தெரிவது ஒன்று. சரணடைய வைப்பதற்காகவே நகரத்து மக்களைக் கொல்வது வேறு. ஹிரோஷிமாவில் அந்தச் சாவுகள்தான் கருவி. ‘படையெடுத்திருந்தால் இன்னும் பலர் செத்திருப்பார்கள்’ என்ற கணக்கையும் அவர் விடவில்லை. நிபந்தனையற்ற சரணடைவை நேசநாடுகள் வற்புறுத்தியதால்தான் அந்த நெருக்கடியே வந்தது என்றார்.

இங்கே பலரும் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. ‘நான் மனதில் அதை நினைக்கவில்லை’ என்று சொல்லித் தப்பிக்கலாமா? 1957-ல் வெளிவந்த ‘இன்டென்ஷன்’ நூலில் இதற்கு ஓர் உதாரணம் வருகிறது. ஒரு வீட்டுத் தொட்டிக்கு ஒருவன் பம்பு அடிக்கிறான்; நீரில் விஷம் கலந்திருப்பது அவனுக்குத் தெரியும். அது அவனுடைய அன்றாட வேலை என்றால், ‘எனக்குக் கூலிதான் முக்கியம், விஷம் என் நோக்கமல்ல’ என்ற பதில் உண்மையாக இருக்க இடமுண்டு (அதனால் அவன் நிரபராதி ஆகிவிடுவதில்லை). விஷம் வைத்தவனே அவனைக் கூலிக்கு அமர்த்தியிருந்தால் அந்தப் பதில் செல்லாது. விஷநீரை இறைப்பதற்குத்தானே கூலி! ஆக, ‘ஏன் செய்கிறாய்?’ என்ற கேள்விக்குச் செயலே என்ன விடை தருகிறது என்று பார்க்க வேண்டும். மனதுக்குள் முணுமுணுப்பது கணக்கில் வராது. கத்தோலிக்கர்களே இரட்டை விளைவுக் கோட்பாட்டை (நல்லதற்காகச் செய்யும் செயலில், நோக்கமில்லாமல் வரும் தீய விளைவு சில நேரம் ஏற்கத்தக்கது என்பது) இப்படித் திரித்துப் பயன்படுத்துகிறார்கள் என்று 1961-ல் கண்டித்தவரும் அவர்தான்.

கருத்தடை விஷயம் வேறு. 1972-ல் அவர் எழுதிய கட்டுரையில் கொலை பற்றிய விதி உதவாது. அங்கே யாரும் சாகவில்லை. பாதுகாப்பான நாட்களை மட்டும் தேர்ந்தெடுக்கும் தம்பதிக்கும் கருத்தடைச் சாதனம் பயன்படுத்தும் தம்பதிக்கும் குறிக்கோள் ஒன்றே. முதலாவதில் உறவு அதன் இயல்பான வகையிலேயே நிற்கிறது, இரண்டாவதில் அந்தச் செயலையே வேறொன்றாக மாற்றிவிடுகிறார்கள் என்பது அவர் வாதம். உறவின் இயல்பான வகை எது என்பதில் திருச்சபையின் போதனையை முன்பே ஏற்றவருக்கு இது பிடிபடும். மற்றவருக்கு அந்த இடத்தில் ஒரு படி குறைகிறது. தத்துவவாதிகள் பெர்னார்ட் வில்லியம்ஸும் மைக்கேல் டானரும் அப்போதே இதைத் தாக்கி எழுதினார்கள். உங்கள் சந்தேகத்தை ஹிரோஷிமாவிலிருந்து எடுத்து இந்தக் கட்டுரையின் மேல் வையுங்கள்.